சூசைநாதன் மூடிய சொல்

இனி நான் எழுதப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளிலும் படிக்கு ஒரு தரம் நின்று இதையே சொல்லிவிட்டு ஏறு என்றாலும் ஏறத் தயார். முழங்கால் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். பிறர் சொல்லக் கேட்டு எழுதுகிறவன் இல்லை நான். மைசூர் சமஸ்தானத்துச் சொல்லறையில், ஜன்னலை ஒட்டிய மூன்றாவது மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

சொல்லறை என்றால் இப்போது யாருக்கும் தெரியாது. தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், பூக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற மாடியறை. கீழே தேவம்மா மல்லிகையை முழம் போடுவாள். மேலே நாங்கள் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் போடுவோம்.

வெள்ளைக்கார அதிகாரிகளின் கடிதங்களில் வருகிற பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாம் நம் ஆட்கள் சுலபமாகப் புரிந்துகொண்டார்கள். சின்ன வார்த்தைகளில்தான் தடுக்கி விழுந்தார்கள். மூன்றெழுத்து, நாலெழுத்து வார்த்தை. போன கடிதத்தில் ஒரு அர்த்தம், இந்தக் கடிதத்தில் வேறு அர்த்தம். ஆகவே தினசரி புழங்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் உள்ள அர்த்தம் முழுவதையும் எழுதிப் புத்தகம் போடுவது என்று மேலே முடிவாயிற்று. மேலே என்றால் யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

அறைக்கு சூப்பரிண்டெண்ட் நஞ்சுண்டசாமி. கன்னடக்காரர், கொள்ளேகாலில் வேலை பார்த்ததில் தமிழ் பேசுவார், மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ' ஒட்டிக்கொண்டு. கறுப்புக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி. அவர் போட்ட விதிகள் இரண்டு.

முதல் விதி, எந்த அர்த்தத்தையும் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. "புஸ்தகத்துல இருக்கிறது செத்த அர்த்தம் கண்ரீ. உசிரோட இருக்கிறவங்க வாயில இருந்து வரணும்" என்பார். அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் சொன்னவரோ கேட்டவரோ மாடியேறி வந்து சாட்சி சொல்ல வேண்டும். குமாஸ்தா அதை ஒரு சீட்டில் எழுதுவான். சாட்சி கையெழுத்தோ ரேகையோ வைத்தால், வெற்றிலை பாக்கு, நஞ்சன்கூடு ரசவாழைப்பழம் ஒன்று, தேவம்மா கடை மல்லிகை ஒரு சாண், இவ்வளவும் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்து அனுப்புவோம்.

இரண்டாவது விதி, எல்லா அர்த்தமும் வந்துவிட்டது என்று தோன்றினால் சீட்டுகளைத் தேக்குப் பெட்டியில் வைத்து ஒரு மண்டலம் காக்க வேண்டும். மண்டலம் முடிகிறவரை புது அர்த்தத்தோடு யாரும் வராவிட்டால் அவரே பெட்டிக்கு அரக்கு முத்திரை வைப்பார். சொல் மூடியது, குமாஸ்தாவின் வேலை நிரந்தரம். நடுவில் யாராவது வந்துவிட்டால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மண்டலத்துக்கு எத்தனை நாள் என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. நாள் எண்ணுவது அவர் பொறுப்பு என்று இருந்துவிட்டோம்.

வார்த்தைகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். லிங்கப்பனுக்கு யானைக்கான வார்த்தை வந்தது. ஒரே மண்டலத்தில் மூடிவிட்டு, சரிகைத் தலைப்பாகையோடு வேறு ஆபீசுக்குப் போய்விட்டான். தொட்டையனுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைக்கு இரண்டாவது அர்த்தம் சொல்ல ஒருத்தரும் மாடி ஏறவில்லை. மனுஷன் நிம்மதியாக ரிட்டையர் ஆனார். எனக்கு வந்த வார்த்தையைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம்.

சூசைநாதனுக்கு வந்தது ரன்.

அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. மெலிந்த தேகம், நடு வகிடு, எதையும் ஒரு தரம் யோசித்துவிட்டுப் பேசுகிற சுபாவம். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஓடுறது. வேற என்ன இருக்கு இதுல?" என்றான். முதல் சீட்டை அவனே எழுதி, அவனே சாட்சியாகக் கையெழுத்தும் போட்டான். அன்று காலை நாய் துரத்தி ஓடி வந்திருந்தான்.

மறுநாள் வண்ணாரப் பெண் கெம்பம்மா, நீலம் பாய்ந்த வெள்ளை மேஜைவிரிப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாயம் போனதற்கு அவள் துரைசானி அந்த வார்த்தையைச் சொல்லித்தான் திட்டினாளாம். அதற்கு அடுத்த நாள் ஹோட்டல்காரர்; ஹோட்டல் நடத்துவதும் அதுவேதான். பிறகு நாடகக் கொட்டகை ஆள். நாடகம் நாற்பது நாள் தொடர்ந்து நடந்தால் அதற்கும் அதுதான். மைதானத்துக் கிரிக்கெட் பையன்கள் எண்ணிக்கையோடு வந்தார்கள். மூக்கு ஒழுகுவது, எண்ணெய் தீர்ந்துபோவது, சாலை நஞ்சன்கூடு வரை நீள்வது, தகப்பனின் கோபம் மகனுக்கு இறங்குவது. ஒரு மாதத்தில் அறுபது சீட்டு.

அந்த மாதக் கடைசியில் ஒரு நர்ஸ் மாடியேறி வந்தாள். பெயர் மோலி. மதலைமுத்துவின் மகள். துரைமார் கிளப்புக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கும் பேக்கரி மதலைமுத்து என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஜுரம் இருக்கிறதுக்கு டாக்டர் துரை அந்த வார்த்தையைத்தான் சொல்றார். காலு இல்லாத ஜுரம் எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியல. எழுதிக்கங்க" என்றாள்.

"கையெழுத்தா, ரேகையா?" என்று சூசைநாதன் கேட்டான்.

"தினம் முப்பது பேருக்கு சீட்டு எழுதறவ நான். என்னைப் பாத்தா ரேகை வைக்கிறவ மாதிரியா இருக்கு?"

இரண்டு வரிச் சீட்டை எழுத அன்று அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மல்லிகையை ஒரு சாணுக்குப் பதில் ஒரு முழம் வைத்துக் கொடுத்தான். மூன்றாவது மேஜையிலிருந்து எனக்கு இது நன்றாகத் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்துப் பெண் கேட்டுப் போனான். மதலைமுத்து கை மாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பையன் நல்ல பையன்தான். ஆனா வேலை நிலைக்கணுமில்ல, கிளார்க் தம்பி. உன் பொட்டியை மூடிட்டு வா. அன்னிக்கே மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்."

பெட்டியை மூடுவது. அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

ஒவ்வொரு முறையும் மண்டலம் ஆரம்பிப்பான். எட்டாம் நாள் ஒருவர் வருவார். பதினைந்தாம் நாள் ஒருவர் வருவார். தாம்பூலத்தின் பெயர் ஊர் முழுவதும் பரவியிருந்தது; சொல்லறைச் சாட்சி என்று சொல்லிக்கொள்வதில் ஜனங்களுக்கு ஒரு பெருமை. மூன்றாவது வருஷம் பத்தொன்பதாம் நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தவர் யார் என்றால், மதலைமுத்துவேதான்.

"கேக்கு மேல ஊத்தின சர்க்கரைப் பாகு வெயில்ல வழிஞ்சு போச்சு தம்பி. கிளப்பு துரைசானி அதுக்கும் அந்த வார்த்தையைத்தான் சொன்னா."

சூசைநாதன் பேனாவைக் கீழே வைத்தான். "இதை எழுதினா கல்யாணம் தள்ளிப்போகும். உங்க மக கல்யாணம்."

"அதுக்காக ஒளிக்கச் சொல்றியா? வேதக்காரன் நான். பழம் ரசவாழைதானே?"

கேக்குப் பாகும் துணிச் சாயமும் ஒன்றா வேறா என்று நஞ்சுண்டசாமி அரை நாள் யோசித்தார். வேறு என்று தீர்ப்பாயிற்று. மதலைமுத்து பழத்தைத் தின்றுகொண்டே படி இறங்கினார்.

ஏழாவது வருஷம் வந்தது ஒரு கிளி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு கர்னல், தன் பட்லரிடம் விட்டுவிட்டுப் போன கிளி. பட்லர் கூண்டோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அது சொன்ன வாக்கியத்தில் அந்த வார்த்தை இருந்தது. எங்களிடம் இருந்த நூற்று எழுபத்திரண்டு அர்த்தத்தில் எதிலும் அது அடங்கவில்லை. கிளி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றார் சூப்பரிண்டெண்ட். இருந்தது. கையெழுத்துப் போடாததால் கால் ரேகை எடுத்தோம். தாம்பூலத்தில் அது பழத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது. அன்று மண்டலத்தில் இருபத்தாறாம் நாள். அதுவரை நாங்கள் எட்டிய அதிகபட்சம் அதுதான்.

பத்து வருஷத்தில் இருநூற்றுப் பதின்மூன்று சீட்டு. பெட்டியின் கனத்தில் தரை உத்திரம் நாலு விரற்கடை தாழ்ந்துவிட்டது. கீழே தேவம்மாவின் தலையில் இடித்தது. அவள் ஒரு கல்தூண் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள். "மேலே என்னதான் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரு வார்த்தை என்றோம். நம்பவில்லை.

மோலிக்கு முப்பதைத் தாண்டிற்று. அவளுக்கு வந்த வேறு இரண்டு வரன்களை அவளே திருப்பி அனுப்பினாள் என்பதை அறை அறியும். சனிக்கிழமைதோறும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பூக்கடை முன்னால் நிற்பாள். சூசைநாதன் படி இறங்கிப் போய் நிற்பான். இருவரும் தேவம்மாவின் பூக்கூடையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசுவார்கள். பிறகு அவள் போய்விடுவாள். பதினோரு வருஷச் சனிக்கிழமைகள் எத்தனை என்று நான் கணக்குப் போட்டதில்லை. போடவும் மனசு வரவில்லை.

பதினோராவது வருஷம், ஈஸ்டர் கழிந்த ஒரு புதன்கிழமை, பெட்டியை மறுபடி மண்டலத்தில் வைத்தார்கள். பத்து நாள் ஆயிற்று, யாரும் வரவில்லை. இருபது. இருபத்தாறும் தாண்டிற்று. ஊரில் உள்ள அர்த்தமெல்லாம் தீர்ந்துவிட்டது போலிருந்தது. முப்பதாம் நாள் மதலைமுத்துவுக்கே நம்பிக்கை வந்து, கோயிலில் ஓலை வாசிக்கச் சம்மதித்தார். வேதக்காரர்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு, கோயிலில் சாமியார் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்பார். மூன்றாவது ஓலை ஆன பிறகு வருகிற புதன்கிழமை கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று. நாள் குறித்தவன் சூசைநாதன்.

இங்கேதான் தப்பு நடந்தது.

அவனுக்குத் தெரிந்த விரதம் ஒன்றுதான்: தவக்காலம். நாற்பது நாள், ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது. விபூதிப் புதனில் ஆரம்பித்துச் சனிக்கிழமை முடியும். சொல்லறைப் பெட்டியும் புதன்கிழமையில்தான் வைக்கப்பட்டது. ஆகவே ஞாயிறுகளைத் தள்ளி நாற்பது எண்ணி, நாற்பத்தாறாம் நாளான சனிக்கிழமையோடு மண்டலம் முடிந்தது என்று அவன் தீர்மானமாக இருந்தான். சனிக்கிழமை அரக்குக் குச்சியோடு சூப்பரிண்டெண்ட் மேஜைக்குப் போனான். அவர் நஞ்சன்கூடு போயிருந்தார், திங்கள் காலைதான் வருவார். அரக்குக்கு என்ன அவசரம் என்று திரும்பி வந்தான்.

நீங்கள் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று என்னைக் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மண்டலம் என்றால் நாற்பத்தோரு நாள். அது முடிந்தே ஐந்து நாளாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு வந்தது. நான் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், உள்ளே தெரிகிற மாதிரி நின்றேன். சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை தெரிந்தும் சொல்லாதிருப்பது பாவம் என்று முடித்து, காகிதத்தை மடிக்கப் போனார்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள். ஜேன். வெள்ளைக்கார வீடுகளில் நாற்பது வருஷம் ஆயா வேலை பார்த்தவள். உதகையில் இருந்த துரைக் குடும்பம் சீமைக்குப் போய்விட, குண்டலுபேட்டை வழியாக வண்டி மாறி மாறி வெள்ளிக்கிழமைதான் ஊர் வந்து சேர்ந்திருந்தாள். முதல் இரண்டு ஓலையையும் அவள் கேட்கவில்லை. மதலைமுத்துவின் நிபந்தனையை மட்டும் வந்த அன்றே யாரோ சொல்லிவிட்டார்கள்.

"சாமி, தடை இருக்கு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடை அம்மா?"

"எங்க துரைசானி கோழி வளத்தாங்க. கோழி உலாத்தறதுக்கு வலை கட்டி இடம் விட்டிருந்தோம். அந்த இடத்துக்கும் இந்தப் பிள்ளையோட வார்த்தைதான் பேரு."

"கோழிக்கூடா?"

"கூடு இல்ல சாமி. கூட்டுக்கு வேற வார்த்தை. கூட்டுக்கு வெளியே வலை."

சாமியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "திருச்சபை சொல்கிற தடைகளில் கோழி இல்லையே" என்றார்.

"சபையில இல்லைன்னாலும் எங்கிட்ட இருக்கு" என்றார் முன்வரிசையிலிருந்து மதலைமுத்து.

சூசைநாதன் பதறவில்லை. எழுந்து நின்று அமைதியாகச் சொன்னான்: "பொட்டி நேத்தே முடிஞ்சுது. நாற்பது நாள் ஆயிடுச்சு."

ஜேன் நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப சரி. சொல்லிட்டேன், என் மனசாட்சிக் கடன் தீர்ந்துது" என்று உட்கார்ந்தாள். மோலி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

திங்கள் காலை நஞ்சுண்டசாமி பிரசாதத்தோடு வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். விரல் கணுவில் எண்ணினார். "இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி அடிச்சா மண்டலம் பூர்த்தி. நாற்பத்தெட்டு. அரக்கை எடுத்து வைங்கரீ."

அரக்கை எடுக்கப்போன சூசைநாதன் திரும்பினான். "நாற்பத்தெட்டா சார்?"

"பின்ன எத்தனை? மண்டலம்னா நாற்பத்தெட்டுதானே? நான் இல்லாதப்போ யாரும் வரலை தானே?"

அறையில் இருந்தது நாங்கள் மட்டும். ஜேன் மாடி ஏறவில்லை. ஏறப் போவதும் இல்லை. முடிந்துபோயிற்று என்று நம்பி வீட்டில் இருந்தாள். யாரும் வரவில்லை என்று அவன் சொன்னால் அது பொய்யில்கூடச் சேராது. கீழே தேவம்மா யாருக்கோ பூ அளந்துகொண்டிருந்தாள். அவளும் அளப்பதை நிறுத்தியது போல எனக்குத் தோன்றிற்று.

"மாடிக்கு வரலை சார்" என்றான் சூசைநாதன். "நேத்து எங்க கோயில்ல ஒரு அம்மா எழுந்து சொன்னாங்க. நானே கேட்டேன்."

யாரும் சொல்லாமலே சீட்டை எடுத்தான். கோழிகள் உலவும் வலையடைப்பு, சாட்சி ஜேன் என்று எழுதினான். இருநூற்றுப் பதினான்கு. எழுத்து கோணவில்லை. எழுதி முடித்ததும் மைக்கூட்டை மூடினான். மூடி சரியாக உட்காராமல் மூன்று தரம் திருகினான்.

நஞ்சுண்டசாமிக்குக் கண் கலங்கிற்று. "விதி நான் போட்டது. நானே எப்படி மீறட்டும், நீங்களே சொல்லுங்கரீ" என்றார். பிரசாதம் முழுவதையும் அவன் மேஜைமேல் வைத்தார். மறுநாள் முதல் மறுபடி ஒன்று.

சாயங்காலம் மோலி வந்தாள். சனிக்கிழமை அல்லாத நாளில் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கல்யாணப் புடவை எடுத்தாகிவிட்டது.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம் நீங்க."

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நான் உங்களைக் கட்டியிருக்க மாட்டேன்." பூக்கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கட்டியிருப்பேன். வருஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

தேவம்மா ஒரு முழம் மல்லிகை நறுக்கி அவள் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை.

விஷயம் ஊரில் பரவிற்று. இதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. அதற்காக நான் குறைத்துச் சொல்ல முடியாது. அடுத்த நாற்பத்தெட்டு நாளும் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை என்று மைசூர் நகரம் முடிவு செய்தது. வாயில் போட்டால்தானே புது அர்த்தம் முளைக்கும்? மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எண்ணிக்கையைச் சொல்லாமல் புளியங்கொட்டை போட்டு வைத்துக்கொண்டார்கள். கெம்பம்மா சாயத் துணியை வாங்கவே மறுத்தாள். ஊரில் துரைமார் எல்லாரும் வெள்ளையே உடுத்தினார்கள். நாடகம் இருபதாம் நாளோடு தானாக நின்றது. பட்லர் கிளிக்கூண்டின்மேல் கம்பளி போர்த்தினான். கபினி ஆறுகூடக் கொஞ்சம் மெதுவாகப் போயிற்று என்பார்கள். அதை நான் வற்புறுத்தவில்லை. நான் என் மூன்றாவது மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எல்லாரையும்விடக் கட்டுப்பாடாக இருந்தவள் ஜேன். தினமும் வந்து எங்கள் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்காருவாள், மடியில் ஜெபமாலையோடு. யார் படியில் கால் வைத்தாலும் "என்ன வேலை?" என்று கேட்பாள். தபால்காரனைக்கூட அவள் விடவில்லை. "என் வாயால நின்ன கல்யாணம்" என்று தேவம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். மழையில் நனைந்தும் எழுந்து போகவில்லை. முப்பத்தெட்டாம் நாள் ஜுரத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மோலியின் வார்டில்தான் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது மோலி பின்னால் சொன்னது. நாற்பத்தெட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு ஜேன் கண் திறந்தாள். மோலியைக் குனியச் சொன்னாள்.

"இன்னொண்ணு ஞாபகம் வந்துடுச்சு கண்ணு."

மோலிக்குப் புரிந்தது. "வேணாம் ஆயா. சொல்லாதீங்க."

"சொல்லாம செத்தா பாவம்னு அன்னிக்கு சாமியார் சொன்னாரே." காதோடு வாய் வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு மோலியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மோலி அதைச் சுமந்துகொண்டு இருக்கக்கூடியவள் இல்லை. கோழிக்காக ஒருத்தன் உண்மையைச் சொல்லியிருக்கும்போது, இவள் மறைத்தால் அந்த வீட்டில் எப்படி வாழ்வது? ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லறை பத்து நிமிஷ நடை. எழுந்தாள். ஜேன் கையை விடவில்லை.

"நான் போகணும் ஆயா."

"போ. போக வேணாம்னா சொல்றேன்" என்றாள் ஜேன். பிடியை இன்னும் இறுக்கினாள்.

எழுபது வயது, பத்து நாள் ஜுரம், கஞ்சிகூட இறங்காத உடம்பு. அந்தப் பிடியை விடுவிக்க மோலியால் முடியவில்லை. இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தாள், இருவராலும் முடியவில்லை. விரலைப் பிரித்தால் முறிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டார்கள். நாலு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. மோலி கட்டிலோரம் உட்கார்ந்து, மற்றக் கையால் அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கோயிலில் ஆறு மணிக்கு மணி அடித்தது. ஜேனின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கண்ணை மூடிவிட வேண்டியிருந்தது.

அதே மணி எங்களுக்கும் கேட்டது. நஞ்சுண்டசாமி மெழுகுவத்தியில் அரக்கை உருக்கிப் பெட்டியின் வாயில் ஊற்றி முத்திரையை அழுத்தினார். கை தட்டவோ வாழ்த்துச் சொல்லவோ யாருக்கும் தோன்றவில்லை. தரை உத்திரம் ஒரு தரம் முனகிற்று.

ஆறே காலுக்கு மோலி மாடியேறி வந்தாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அரக்கு இன்னும் சூடு ஆறவில்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள். சூசைநாதன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

"ஜேன் ஆயா போயிட்டாங்க" என்றாள்.

அவன் தலையசைத்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் சாட்சிகளின் முகத்தைப் பார்த்துப் பழகினவன். சொல்ல ஒன்று இருக்கிற முகம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மேஜைக்குப் போய் ஒரு சீட்டை எடுத்தான். எண் இருநூற்றுப் பதினைந்து, சாட்சி ஜேன், நாள், நேரம், எல்லாம் எழுதினான். அர்த்தம் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டான். ஊதி உலர்த்திச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஜேனை அடக்கம் செய்த மறுவாரம் புதன்கிழமை கல்யாணம் நடந்தது. மதலைமுத்து முதல் தடவையாக அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். அவர் செய்த கேக்கின் பாகு வெயிலில் வழிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். ஒரு நாளும் அவன் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. சில ஞாயிறுகளில் பூசை முடிந்து வரும்போது அவள் வாய் திறக்கப் போவாள். அவன் ஜேன் கல்லறைப் பக்கம் கையைக் காட்டி, பூ வாடியிருக்கிறது பார் என்பான். அவள் போய்ப் பூவை மாற்றிவிட்டு வருவாள். சாகிறதற்கு ஒரு வாரம் முன்பு அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்தான். பழுப்பேறி, மடிப்பில் நைந்து, இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

சொல்லறையை மூடியபோது சாமான்களைப் பட்டியல் எடுத்தார்கள்: தேக்குப் பெட்டி ஒன்று, தாம்பூலத் தட்டு ஒன்று, மேஜை இரண்டு.